கூடையோடு உட்கார்ந்த கன்னியம்மா

போன ஞாயிறு ராயபுரத்தில் ஒரு படம் பார்த்தேன். லஞ்சம் வாங்காத ஒரு குமாஸ்தா, சுற்றியிருப்பவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டே கடைசி ரீல் வரை வாய் திறக்காமல் இருக்கிறார். தியேட்டரே உச்சுக்கொட்டியது. நானும்தான். முப்பத்து நாலு வருஷ அரசு உத்தியோகத்தில் ஒரு டீ ஓசியில் குடித்ததில்லை. ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஓசியில் குடித்த டீயைப் பற்றி யாரிடமும் சொன்னதுமில்லை. என் கதையையே எடுத்துவிட்டார்களோ என்று எனக்குக் கொஞ்சம் பெருமை!

பெருமை செவ்வாய்க்கிழமை வரை தாங்கியது.

எங்கள் தெருவில் மீன் விற்பவர் கன்னியம்மா. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழைக் கல்லூரியில் சேர்க்க அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. விண்ணப்பம் எழுதித் தந்தவன் நான். விசாரணையெல்லாம் முடிந்து, அதிகாரியின் கையெழுத்து மட்டும் பாக்கி. எந்த அலுவலகம்? வேண்டாம், விடுங்கள்... மூன்று மணிக்குப் போனோம். மகள் வாசலில் ஆட்டோவோடு நின்றாள். கன்னியம்மா காசிமேடு மீன் சந்தையிலிருந்து நேராகக் கூடையோடு வந்திருந்தார்.

கிளார்க் ஃபைலைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தார்.

"வஞ்சிரமா? பெருசா ரெண்டு வூட்டுக்கு அனுப்பிடு. ஃபைலு தானா நடக்கும்."

"எட போட்டுத் தரேன் நைனா. துட்டு குடுத்து வாங்கிக்க."

"அப்ப நாளைக்கு வா."

"நாளைக்கு சீட்டு எங்க கீது? இன்னிக்குத்தான் கடைசி நாளு!"

கிளார்க் செய்தித்தாளைப் பிரித்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். ஒருவர் ஃபேனைப் பார்த்தார், ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். நான்? எந்த விதி, யாரிடம் முறையீடு... எல்லாம் மனப்பாடம். மணி மூன்றே முக்கால். கன்னியம்மாவின் காதருகே குனிந்து நான் சொன்னது இவ்வளவுதான்:

"குடுத்துடும்மா. நேரமில்லை."

"நீயா சார் சொல்ற?"

அந்த அம்மாள் திரும்பிக்கொண்டார். மேஜைக்கு முன்னால் கூடையை இறக்கினார். மேலே போட்டிருந்த ஈரச் சாக்கை எடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐஸ் கரைந்து கிளார்க்கின் காலடிக்கு ஓடியது. ஈக்கள் வந்தன. "அத்த எடும்மா! இன்னா பேஜாரு இது!" என்று கத்தினார் கிளார்க். கன்னியம்மா ஒரு ஈயைக்கூட ஓட்டவில்லை.

நாலரைக்கு உள்ளறையிலிருந்து அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "என்னய்யா நாத்தம்?"

யாரும் வாய் திறக்கவில்லை. கன்னியம்மா ஃபைலைக் கை காட்டினார். அதிகாரி புரட்டிப் பார்த்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். சீல் விழுந்தது. ஆட்டோ பறந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மகள் சான்றிதழைச் சேர்த்துவிட்டாள்.

அன்றைய மீன் பாதி வீண். முக்கால் மணி நேரத்தில் நாறிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் நான் பொத்திப் பாதுகாத்த மௌனம் மட்டும் கடைசிவரை நாறவே இல்லை. அதுதானே அதன் வசதி!