வக்கீல் காதில் ஆறிப்போன இஞ்சின்

ஆயில் கம்பியை உருவி, பழந்துணியில் ஒரு தரம் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினார் டிரைவர். கம்பியின் நுனியில் ஒட்டியிருந்தது எண்ணெய் மாதிரியே இல்லை. பால் அதிகமாகிவிட்ட டீயைப் போல வெளுத்து நுரைத்திருந்தது. "பாத்துக்கோங்க குமாஸ்தா சார். இஞ்சினுக்குள்ள தண்ணியும் ஆயிலும் ஒண்ணா கலந்துக்கினு இருக்குது. நாளைக்கு நான்தான் கெடுத்தேன்னு பேச்சு வரும். நீங்க ஒருத்தராவது பாத்து வெச்சுக்கோங்க" என்றார். பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்தவன் பிறகு என்ன செய்தான் என்பதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்து, எங்கள் ஜில்லா எந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம் அது. சித்தூரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தாவாக இருந்தேன். தமிழர் பக்கத்து எல்லை வழக்குக்கு அவர்தான் எங்கள் ஊர்ப் பிரமுகர். எல்லை தீர்கிற வரைக்கும் தெலுங்கில் பேசமாட்டேன், தெலுங்கைக் காதிலும் வாங்கமாட்டேன் என்று மேடையில் சபதம் செய்திருந்தார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன். பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் முதல் மார்க் வாங்கியவர், காய்கறிக்காரியிடம் விலை கேட்க என்னை மொழிபெயர்ப்பாளனாகக் கூட்டிப்போன கூத்தெல்லாம் அப்போது நடந்தது.

டிரைவர் நகரிப் பக்கத்து ஊர்க்காரர். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். லாரியில் ஏறி, கை பழகி, லைசென்ஸ் எடுத்தவர். திருப்பதியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவராகச் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கு, பெரிய மனிதர் ஒருவரிடம் சில வருஷம் பழுதில்லாமல் ஓட்டியதாக நற்சான்றிதழ் வேண்டும். அந்தக் காகிதத்துக்காகத்தான் எங்கள் வக்கீலிடம் வந்து சேர்ந்தார். தமிழர் எல்லாரும் ஒரு தாய் மக்கள் என்று மேடையில் முழங்கும் வக்கீல் வீட்டில், அவருக்குக் காப்பி கார் கொட்டகைக்குத்தான் வரும். அதற்கென்று தனி டம்ளர். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நானும்தான் பேசவில்லை.

வக்கீலின் பழைய சின்னக் கார் பிரமுகருக்குப் போதவில்லை. எல்லை விசாரணைக்குப் போகிறவர் கம்பீரமாகப் போய் இறங்க வேண்டாமா? நாராயணவனத்துக்கு அப்பால் ஒரு பழைய ஜமீன் வீட்டில் பெரிய சீமைக் கார் ஒன்று விலைக்கு நிற்பதாகத் தகவல் வந்தது. மூவரும் போனோம். கப்பல் போல நீளம். உள்ளே தோல் ஆசனம், தேக்கு வேலைப்பாடு, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு, பின்சீட்டுக்குத் திரைச்சீலை. வக்கீல் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தார். டிரைவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேரே போய் முன்மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். "சுடுது சார்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். "நாம வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. பச்சையா எடுத்தா கெளம்பாது போல." இஞ்சினை முடுக்கினார்கள். புகைக்குழாயில் நீலப்புகை வந்தது. ஆயில் எரிகிறது என்று அர்த்தமாம். சத்தம் மட்டும் வெண்ணெயாக இருந்தது. கெட்டி ஆயிலை ஊற்றி உள்ளே இருக்கும் தட்டலை அமுக்கியிருப்பார்கள் என்றார் டிரைவர். வக்கீல் திரைச்சீலையை விட்டு இறங்கவில்லை.

அந்த ஜமீன் வீட்டு டிரைவர் வயதானவர், நல்ல மனிதர். எஜமான் விற்கச் சொன்னதை விற்றாலும், இன்னொரு டிரைவரை மாட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பாதி தமிழும் பாதி தெலுங்குமாக, "வண்டி நல்ல வண்டிதான் சார். கனுமலோ மாத்ரம் சூசி போண்டி. வேடெக்கிதே ஆரிபோதுந்தி" என்றார். கணவாயில் மட்டும் பார்த்துப் போங்கள், சூடேறினால் அணைந்துவிடும் என்று பொருள். விளக்கு அணைவதற்குச் சொல்லும் சொல்லையே இஞ்சினுக்கும் சொன்னார். வக்கீல் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா! சூடானாலும் ஆறிப்போகுதாம். அதுதான் சீமை வேலை!" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், என் காதிலும் முதலில் 'ஆறிப்போகும்' என்றுதான் விழுந்தது. இதைத் தமிழ் மட்டுமே தெரிந்தவன் கேட்டிருந்தால், என்னய்யா சொல்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருப்பான். தெலுங்கு மட்டுமே தெரிந்தவனுக்குச் சந்தேகமே வந்திருக்காது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிசைந்து பேசும் எங்களுக்குத்தான் இப்படி நேரும், எந்த இடத்தில் தமிழ் முடிந்து எந்த இடத்தில் தெலுங்கு தொடங்கியது என்று காது கவனிக்காது. ஆனால் டிரைவர் கவனித்தார். "ஐயா, அவரு ஆறும்னு சொல்லல. சூடானா அணைஞ்சு பூடும்னு சொல்றாரு" என்றார். உடனே எனக்கும் விளங்கியது. வக்கீலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எனக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கிறியா நீ?" என்றார். ஜமீன் வீட்டார் நாலு பேர் எதிரில் நின்றிருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்தது. அதன் பிறகு அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். ரேடியேட்டர் உள்ளே காரை படிந்து அடைத்திருந்ததால் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கொதித்தது. வெயில் ஏறினால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி, ஓடுகிற வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரச்சாக்கைச் சுற்றினால் மறுபடி கிளம்பும். அந்தச் சாக்கைக் கண்டால் வக்கீலுக்கு ஆகாது. கோர்ட்டு வாசலில் முன்மூடியைத் திறக்கக்கூடாது, மானம் போகிறது என்று உத்தரவு போட்டார். கடைசியாக எண்ணெயில் தண்ணீர் கலக்க ஆரம்பித்தது. தலைப்பகுதியைக் கழற்றி நடுவில் இருக்கும் தகட்டை மாற்ற வேண்டும், ஒரு வாரம் வண்டியை நிறுத்துங்கள் என்று டிரைவர் மூன்று தரம் கேட்டார். விசாரணை முடியட்டும் என்பதே மூன்று தரமும் பதில். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு அந்தக் கம்பியைக் காட்டினார்.

எல்லை அதிகாரி திருப்பதியில் உட்கார்ந்து விசாரிக்கிறார், உச்சிவேளைக்குள் வந்துவிட வேண்டும் என்று தகவல் வந்தது. நகரிப் பக்கத்திலிருந்து மூன்று பெரியவர்கள் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். ஒருவர் டிரைவருடைய மைத்துனர், அவர் மனைவியின் அண்ணன். ஊரார் கைநாட்டு வைத்த மனுக்கட்டு மடியில். விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாம், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுப் போகலாம் என்றார் டிரைவர். வக்கீல் பூஜை முடித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பெரியவர்களைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, அவர் முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

காணிப்பாக்கம் பிரிவு தாண்டியதும் ஆவி வர ஆரம்பித்தது. டிரைவர் ஓரம் கட்டப் போனார். "நிக்காதே, ஓட்டு" என்றார் வக்கீல். பாகாலைக்கு முன்னால் ஒரு ஏற்றம். "ஐயா, ஒரு கால் மணி நேரம் குடுங்க. இப்ப நிறுத்தலன்னா இஞ்சின் புடிச்சிக்கும்." "அதுதான் தானா ஆறிப்போகும்னு சொன்னானே! ஓட்டுடா!" நான் இருவருக்கும் நடுவில், டிரைவருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது. பின்னால் இருந்த மூவரும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், இஞ்சின் இரைச்சலில். மேட்டின் பாதியில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது, வண்டி செத்து நின்றது. கட்டை வண்டி பிடித்து, பஸ் பிடித்து, நாங்கள் திருப்பதி போய்ச் சேர்ந்தபோது அதிகாரி எழுந்து போயிருந்தார்.

மூன்று பெரியவர்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊருக்கு என்ன பதில் சொல்வது? வக்கீல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டிரைவர் தண்ணி ஊத்தாம விட்டுட்டான். வேணும்னே விட்டானோ என்னமோ, யார் கண்டா!" என்றார். அந்த 'வேணும்னே' போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தாருக்கு விலைபோய்விட்டான் என்ற பேச்சு, அவர் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வேலை போயிற்று. 'அஜாக்கிரதையால் வண்டியைப் பாழாக்கியவர்' என்று கடிதம் எழுதச் சொன்னார் வக்கீல். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

டிரைவர் கோர்ட்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தார். வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. "ஊருக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். நிறுத்தச் சொல்லி நான் கேட்டேன்னு, நீங்க அத காதால கேட்டீங்கன்னு. அவ்ளோதான்" என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வேலையை நினைத்தேன். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்பது கோழை சொல்லும் மறுப்பு. அது அவருக்கும் தெரிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாலு வருஷம் கழித்து எல்லை தீர்ந்தது. திருத்தணிப் பக்கம் மதராசோடு போயிற்று. சித்தூர் நின்ற இடத்திலேயே, ஆந்திராவிலேயே நின்றது. வக்கீல் மதராசுக்குக் குடிபோக ஏற்பாடு செய்தார். இஞ்சினைப் பிரித்துப் பூட்டி ஒப்பேற்றியிருந்த அந்தக் கார் விற்பனைக்கு வந்தது. திருப்பதியிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் பார்க்க வந்தார். விவரம் தெரிந்தவர். முன்மூடியைத் தட்டியபடி, "வேடெக்கிதே ஆரிபோதுந்தா அண்டி?" என்று கேட்டார். சபதம் முடிந்துவிட்டதே, வக்கீல் வாயிலிருந்து தேன் மாதிரி தெலுங்கு வந்தது. "சே சே! மா பண்டி ஆரிபோது!" எங்கள் வண்டியா, அணையவே அணையாது என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆறிப்போகும் என்று உண்மையிலேயே நம்பியவராக இருந்தால், ஆமாம், நன்றாக ஆறும் என்றல்லவா அந்தச் சொல்லைக் கேட்டதும் வண்டியைப் புகழ்ந்திருக்க வேண்டும்? ஒரு கணம்கூடத் தயங்காமல் மறுத்தாரே! காது தவறிக் கேட்டால் அது யாருக்கும் நேர்வதுதான். டிரைவர் திருத்திச் சொன்ன அந்த நிமிஷமே அவருக்கும் விளங்கியிருக்கிறது, எனக்கு விளங்கியது போலவே. நாலு பேர் எதிரில் ஒரு டிரைவர் தன்னைத் திருத்திவிட்டான், அதை ஒப்புக்கொள்ளக்கூடாது. அதற்காக இஞ்சின் போயிற்று, மனு போயிற்று, ஒரு மனிதனின் பேரும் போயிற்று. இந்த அயோக்கியத்தனத்தை நான் அன்று அவர் முகத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விற்பனைக் காகிதங்களுக்கு நடுவே டிரைவர் பேருக்கு ஒரு நற்சான்றிதழை எழுதி வைத்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பெரிய சாகசம் செய்துவிட்டதாக அப்போது எனக்கு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு பஸ் ஏறி, விசாரித்து, அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவர் மனைவி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் யாரோ ஒருவருடைய கிணற்று இஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுதும் படித்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மலை பஸ்ஸுக்கு வயசு தாண்டிப்போச்சு சார். அது போவட்டும். இது அவரு சொன்னதாத்தானே இருக்குது? நீங்க சொன்னது எங்க?" என்றார். பிறகு மனைவியைக் காட்டி, "இதோ இருக்கறா. இவ எதிர்ல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஜமீன் வீட்டில் அவர் திருத்திச் சொன்னது, கம்பியைக் காட்டியது, மேட்டில் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியது, வக்கீல் ஓட்டுடா என்றது, எல்லாவற்றையும். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் உரிப்பதை நிறுத்திவிட்டார். மடியில் இருந்த கடலையெல்லாம் கீழே சிந்தியது.

"அப்போ இவரு கெடுக்கலியா?"

"இல்லம்மா."

அவர் தன் கணவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். "எங்கண்ணன் வண்டிக்குள்ளயே இருந்து பாத்துட்டு வந்து சொன்னாரேன்னு நம்பினேன். இவரு தலைல அடிச்சிக்கினு சத்தியம் பண்ணாரு, நான் நம்பல. போன ஆடி மாசம் எங்கண்ணன் செத்துப்பூட்டாரு. ஊரக் காட்டிக்குடுத்தவன் பொணத்தத் தொடக்கூடாதுன்னு இவர வெளியிலயே நிறுத்தினாங்க. நானும் அவங்களோட சேந்துக்கினு, போயான்னு சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தன நாளு நீ எங்கய்யா இருந்த?"

சித்தூரில்தான் இருந்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரம்.