அண்ணன் எழுதிய திருத்தம்

அந்தப் பாலஸ்தீன எழுத்தாளர் மேல் எனக்குப் பொறாமை. துப்பாக்கி முனையில் சொந்த ஊரைவிட்டு விரட்டப்பட்டு, அயல்நாட்டு அச்சகமொன்றில் பிழை திருத்தி வயிற்றைக் கழுவியபடி கதை எழுதியவர். இந்தத் தீவின் அபர்டீன் பஜாரில் கடலை மடிக்க வைத்திருந்த பழைய ஆங்கிலப் பத்திரிகையில் அவர் கதை கிடைத்தது. நாலே பக்கம். நான் எழுதவேண்டியதை இந்த மனுஷன் எழுதித் தொலைத்துவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து சுடுகிறார்கள். ஒருவன் கதவைத் தாழிட்டுக்கொள்கிறான். யாரோ தட்டுகிறார்கள்; அவன் திறக்கவில்லை. விடிந்ததும் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் செத்துக் கிடக்கிறார். கதை அவ்வளவுதான்.

நாங்களும் விரட்டப்பட்டவர்கள்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டம். கத்தியும் தடியுமாகக் கும்பல் வந்த அன்று, தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அக்கா ஓடிவந்து எங்கள் கதவைத் தட்டினாள். உள்ளே அண்ணனும் நானும். கதவு திறக்கவில்லை. அவளை வாசலிலேயே வெட்டினார்கள். கதவுக்கடியில் வழிந்து வந்த ரத்தம் என் காலை நனைத்தது. பிறகு கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே பிரதிதான், வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கருத்து எழுத வேண்டும். அதற்காக அந்தக் கதையை மொழிபெயர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டு ஒரு தங்கையைப் போட்டேன். "அண்ணா, கதவத் தொற" என்று அவளைக் கதறவும் வைத்தேன். பாலஸ்தீனக்காரர் வந்து கேட்கவா போகிறார்? அந்தப் பழி அண்ணன் தலையில்தான் விழவேண்டும் என்று எனக்கு வெறி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் அதைப் படித்தான். எழுந்து வந்து விறகுக்கட்டையால் என் வலது கையில் அடித்தான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"அந்த ஊருக்காரன் எழுதுனதாடா இது? சொல்லுடா!"

"ஐயோ, விட்டுருங்க, செத்துருவாரு!" என்று அண்ணி அவன் காலைப் பிடித்தாள். பக்கத்து வீட்டு வங்காளி "அரே பஸ், பஸ்!" என்று, போதும் நிறுத்தச் சொல்லி இந்தியில் கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டையைப் பிடுங்கினார். அண்ணனின் மணிக்கட்டில் அந்தப் பழைய பல் தழும்பு தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அண்ணன் கையெழுத்து.

'கதையில் பிழை உள்ளது. அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை. தம்பி, தொறடா என்றாள். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் தம்பி. திறக்கப் போன அண்ணன் கையைக் கடித்தவனும் அவனே.'

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இத்தனை வருஷமாக அதை எனக்கே நான் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை பத்திரிகையை வாங்கிப்போக மின்னி பே பகுதியிலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டினார். கதவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அடுக்களையிலிருந்து அண்ணன் வந்து திறந்தான்.