நோட்டு வராத பாய்

நாகஜோதி இதுவரை ஜெயித்தவை: ஊரை விட்டே போய்விட்ட கணவனின் பெயரிலிருந்த ரேஷன் கார்டு, தனியாக வரும் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று சொன்ன பழங்காநத்தத்து வீட்டுக்காரரிடம் ஒரு மாடி அறை, மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம், கடைசியாக, செல்லூரில் தறிச் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. மற்றதைப் பற்றியெல்லாம் அவள் பேசுவதில்லை. கதவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது நம்ம ஆம்பளைக செஞ்ச உபகாரம்ல" என்பாள். சிரிக்கமாட்டாள்.

அவளுக்குத் தார் சுற்றுகிற வேலை. விசைத்தறி நாடாவுக்குள் போகும் குச்சியில் நூலைச் சுற்றித் தரவேண்டும். அடுத்த மிஷினில் அவள் அக்கா பாண்டியம்மாள். எட்டாவது வரை படித்தவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள். தங்கச்சி சுற்றிய தாரை மட்டும் சரிபார்ப்பதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை.

அந்தக் கதவு வரும்வரை, வேலைக்கு வந்த பிறகு நாகஜோதி தண்ணீர் குடித்ததில்லை. சித்திரை வெயிலிலும் உப்பில் ஊறிய நெல்லிக்காய்த் துண்டு ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். டீ வந்தால் பாதிதான். பெண்கள் ஒதுங்கத் தறிக்கூடத்துக்கு எதிர்வீட்டு முதலாளியம்மா தயவு வேண்டும். அந்த அம்மாள் அழகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டால் அன்று முழுக்கக் கதவு பூட்டுத்தான். நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். நாகஜோதி தலையாட்டிவிட்டு வெளியே வந்து, "எம்புட்டு நாளைக்குத்தான்க்கா" என்றாள். பஸ் வராவிட்டாலும், நூல் அறுந்தாலும், கரண்ட் போனாலும் அவள் சொல்வது அது ஒன்றுதான்.

சங்கத்துக்கு ஆள் பலம் காட்டவேண்டி வந்தபோது தார் சுற்றும் பெண்களையும் உறுப்பினராக்கினார்கள். சந்தா பிடித்தார்கள். முதல் ஞாயிறு கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். மாடியில் கதவோரம் ஒரு பாய் விரித்திருந்தது; பெண்கள் அதில் உட்கார்ந்தார்கள். வருகை நோட்டு நாற்காலி வரிசையில் கைமாறிப் போய், கடைசி நாற்காலியிலிருந்து தலைவர் மேசைக்குத் திரும்பிவிடும். பாய்க்கு வராது. கூடாதென்று யாரும் சொன்னதில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டடத்துக்குப் பின்னால் சங்கத்துக்குச் சொந்தமான காலி இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டவேண்டும் என்பது நாகஜோதியின் கோரிக்கை. அது எப்போதும் கடைசித் தீர்மானமாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் ஆண்கள் வண்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தீர்மான நகல் ஜூலை பத்தாம் தேதிக்குள் கைக்கு வந்தால் கட்டித் தருவதாக மாநகராட்சியில் சொல்லியிருந்தார்கள். தவறினால் பணம் வேறு வார்டுக்குப் போய்விடும்.

கடைசித் தீர்மானம் வரைக்கும் கூட்டம் போனால்தானே? நாற்காலிக்காரர்களில் தங்கப்பாண்டி ஒரு கட்சி, இம்மானுவேல் எதிர்க்கட்சி. செல்லூர்ச் சாக்கடையைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்துத்தான், ஆகவே அதைப் பேசுவதில்லை. கடலுக்கு அப்பால் ஒரு வல்லரசு எங்காவது குண்டு போட்டால் போதும். நாட்டின் பெயர் அவ்வப்போது மாறும், சண்டை மாறாது.

"அந்தாளு நாப்பது வருசமா நாற்காலிய விடல. அடிக்காம எப்படிண்ணே எறங்குவான்? அவன் எறங்கினாத்தான அங்க ஓட்டு, ஜனநாயகம் எல்லாம்" என்பார் தங்கப்பாண்டி.

"குண்டு போடுறவன் கண்ணுக்கு எண்ணெய்க் கெணறுதான் மாப்ள தெரியும். ஓட்டுப்பெட்டியா தெரியும்?" என்பார் இம்மானுவேல்.

ஒருமுறை நாகஜோதி பாயிலிருந்து அக்காவின் காதில் கேட்டாள்: "அங்க குண்டு விழுகையில பொம்பளைக எங்கக்கா ஒதுங்குவாக?" நாற்காலிகளில் அதை யாரும் விவாதிக்கவில்லை.

கெடுவுக்கு முந்தைய கடைசிக் கூட்டம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இம்மானுவேல் போரைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். போரை வரவேற்று தங்கப்பாண்டி இன்னொன்று கொண்டுவந்தார். தலைவர் பேச்சிமுத்து இரண்டையும் எடுக்கமுடியாது என்றார். இது ஜனநாயகப் படுகொலை என்று அறிவித்துவிட்டுத் தங்கப்பாண்டி தன் ஆட்களோடு வெளிநடப்புச் செய்தார். அந்த வார்த்தையைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார் இம்மானுவேல். நீக்காததைக் கண்டித்து அவர் ஆட்களும் வெளிநடப்பு. இரண்டு கூட்டமும் கீழே டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் நின்றன. தலைவர் ஆள் அனுப்பிச் சமாதானம் பேசுவார், திரும்பி வரலாம். வழக்கம் அதுதான்.

பேச்சிமுத்து கெட்டவர் அல்ல, அலுத்துப்போனவர். நாற்காலிகளில் ஒருவரும் மிச்சமில்லை; வெளியேறியவர்களின் பெயருக்கு எதிரே கோடு இழுத்தார். கூட்டம் செல்லத் தலைவர் நீங்கலாகப் பதினோரு பேர் வேண்டும். "கோரம் இல்ல. அடுத்த மாசம் பாப்போம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

நாகஜோதி முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "அண்ணே, பாயில பன்னெண்டு பேரு இருக்கோம்."

பேச்சிமுத்து அந்தப் பாயை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"சந்தா புடிச்சீகள்ல?" என்றாள் அவள்.

அவர் துண்டைத் திரும்ப மேசைமேல் வைத்தார். "ரேகை வச்சா நாளைக்கு அவிங்க செல்லாதும்பாய்ங்க. கையெழுத்தாத்தான் போடணும் தாயி."

பாண்டியம்மாள் தங்கச்சியின் கையைப் பார்த்தாள். தங்கச்சிக்குப் பெயர் எழுதத் தெரியும், ஆனால் நேரமாகும். பேங்கிலும் ஓட்டுச்சாவடியிலும் அவள் கையைப் பார்த்ததுமே மைப்பெட்டியை நகர்த்திவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும். அவளும் பேசாமல் கட்டைவிரலை வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

ஒருத்தி, புருஷன் கீழே நிற்கிறான் என்று படியிறங்கிப் போய்விட்டாள். பாக்கி சரியாகப் பதினோரு பேர். பேச்சிமுத்து கழிப்பறைத் தீர்மானத்தை அன்றைய பக்கத்திலேயே எழுதி நீட்ட, நோட்டு முதல்முறையாகப் பாய்க்கு வந்தது. பாண்டியம்மாள் முதலில் போட்டாள், பிறகு ஒவ்வொருத்தியாக. பேனா கடைசியாக, மேசையோரம் நின்ற நாகஜோதியிடம் வந்தபோது கீழே சத்தம் கேட்டது. போனவள் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. படிகளில் செருப்புகள் தடதடத்தன. "என்னண்ணே நடக்குது மேல?" என்று தங்கப்பாண்டியின் குரல் ஏறி வந்தது, பின்னாலேயே இம்மானுவேலின் குரல். அன்றைக்குத்தான் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

பாண்டியம்மாள் பாயை உருவி, உதறி மடிக்கிற சாக்கில் வாசலை அடைத்து நின்றாள்.

"போதும் தாயி, மொத எழுத்துப் போதும்" என்றார் பேச்சிமுத்து.

நாகஜோதி நிமிரவில்லை. தார் சுற்றும்போது நூலைப் பிடிப்பதுபோலப் பேனாவை இழுக்காமல், விடாமல், பெயரின் கடைசி எழுத்துவரை போனாள். பிறகு பக்கத்துக் கட்டத்தில், மற்ற பெண்கள் அவசரத்தில் விட்டுவிட்ட தேதியையும் எழுதினாள்: 6.7.2025.