வருஷத்துக்கு ஒரு ஜாஸ் பெட்டி

தோல் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் என்றால் வெந்நீர் போட்டாச்சா, முட்டை வெந்தாச்சா என்று பார்க்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்; ஜாஸ் பெட்டி வாங்கி வாங்கியே என் ரத்தம் கொதித்த கதை யாருக்குத் தெரியும்?

ஆபீஸுக்கோ கிளப்புக்கோ அடுத்தவர் காசில் நல்ல பொருள் ஒன்று வாங்கிப் போட ஆசைப்பட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட புண்ணியவான்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற மாதிரி ஓட்டல் அப்போது ஆம்பூரில் கிடையாது. தோல் வாங்க வருகிற துரைமார்கள் எங்கள் கெஸ்ட் ஹவுஸில்தான் நாலைந்து நாள் தங்குவார்கள். பகலெல்லாம் தோலைப் புரட்டிவிட்டுச் சாயங்காலம் குளித்து உட்கார்ந்தால் பொழுது போக வேண்டாமா? எங்கள் முதலாளி, அவரைச் சாயபு என்றுதான் கூப்பிடுவோம், இசைத்தட்டும் போடுகிற பெரிய ரேடியோகிராம் ஒன்று வாங்கிப் போட்டார். "ஜாஸ் இல்லையா?" என்று யாரோ ஒரு துரை கேட்டுவிட்டுப் போனார். உடனே உத்தரவு. வருஷத்துக்கு ஒரு ஜாஸ் பெட்டி வாங்க வேண்டியது, எது என்று மேனேஜர் பார்த்துக்கொள்ள வேண்டியது.

பெட்டி என்றால் ஒற்றை இசைத்தட்டு இல்லை. ஒரே கோஷ்டியோ ஒரே வித்வானோ வாசித்த ஐந்தாறு தட்டுகள், வரிசையாக, தடித்த அட்டைப் பெட்டிக்குள் இருக்கும். ஒன்று போனாலும் செட்டு போச்சு. நான் வேலூர்க்காரன், சர்ச்சில் பாடி வளர்ந்தவன். முதலில் கேட்டபோது, இதென்னடா ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறான் என்றுதான் தோன்றியது. விருந்தாளி இல்லாத சாயங்காலங்களில் சும்மா போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் இசைத்தட்டு விற்கிற கடை ஒன்றின் கண்ணாடி பீரோவில் தனி பியானோ வாசிக்கிற ஒருவரின் பெட்டி இருந்தது. அது எங்கள் அலமாரிக்கு வந்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கேட்டதெல்லாம் அந்த ஒன்றைத்தான். அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே!

பதம் பார்த்தல்

முதல் வருஷம் வாங்கியது ஒரு டிரம்பெட் கோஷ்டியின் பெட்டி. மெட்ராஸிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிள்ளைத்தாச்சி மாதிரி. மேஜைமேல் வைத்துத் திறந்தேன். எங்கள் கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற மேஸ்திரி முனுசாமி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பதனிடும்போது சுண்ணாம்பு கூடிப்போய் முறிகிற தோலை வளைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர். அவர் கைக்கு வராத சரக்கு எதுவும் கம்பெனிக்குள் நுழையக்கூடாது என்பது அவர் எண்ணம்.

"இன்னா மேனேஜரே, புதுச் சரக்கா?" என்று ஒரு தட்டை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், ஆட்டுத்தோலை மடக்கிப் பார்ப்பாரே, அதே மாதிரி ரெண்டு கையாலும் பிடித்து வளைத்தார். பட்டென்று ரெண்டு துண்டு. அந்தக் காலத்துத் தட்டு அப்பளம் மாதிரி, வளையாது. அவருக்கு ஒரு வருத்தம் இருக்க வேண்டுமே! உடைந்த ஓரத்தைக் கட்டை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்தார். பிறகு எனக்காகப் பரிதாபப்பட்டுச் சொன்னார்:

"ஏமாந்துட்ட மேனேஜரே. சுண்ணாம்பு ஜாஸ்தியா போட்டுட்டான். அத்தினியும் திருப்பி அனுப்பிடு."

யாருக்கு சார்?

அடுத்த வருஷம் பியானோ பெட்டிக்கென்றே போனேன். மவுண்ட் ரோடு கடையில் விற்பனைக்கு நின்றவர் டை கட்டியிருந்தார். கழுத்தை டை இறுக்கியதோ என்னவோ, யாரைப் பார்த்தாலும் ஒரு கடுப்பு. எந்த ஊர் என்று கேட்டார். ஆம்பூர் என்றேன். மூக்கைச் சுளித்தார் பாருங்கள்! நான் அன்றைக்குக் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, சென்ட்டுகூடத் தடவிக்கொண்டு போனவன். ஊர்ப் பேரைச் சொன்னதும் அவருக்குத் தோல் நாற்றம் வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்து ஒரு தட்டு போட்டுக் காட்டுங்கள் என்றேன். "யாருக்கு சார்? துரை யாருக்காவதுன்னா பிரிச்சுக் காட்டலாம்" என்றார். ஆமாம், துரைக்குத்தான் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஏன், ஆம்பூரில் இருப்பவனுக்குக் காது இல்லையா? "எனக்குத்தான்யா, நான் கேட்கத்தான்!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பெட்டியைத் திரும்ப பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குன்னா இது எதுக்கு சார்? நல்லதா நாதஸ்வர செட்டு ஒண்ணு வந்திருக்கு, அதைப் பாருங்க."

அந்த வருஷம் வேறொரு கடையில் ஒரு பாட்டுக்காரியின் பெட்டியை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

கனம்

மூன்றாம் வருஷம் சாயபுவே என்னோடு கிளம்பினார். காரில் வந்து இறங்கிய ஆளைக் கண்டதும் அதே டைக்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டு, குளிர்ந்த சோடா கொடுத்து, கேட்காத பெட்டியையெல்லாம் பிரித்து வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சோடாவைத் தொடவில்லை. ஆனாலும் பியானோ தட்டு ஒன்றைப் போட்டார். அங்கேயே நின்று கேட்டேன். ஒரே ஒரு ஆள், அவசரமே இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி வாசிக்கிறார். இன்றைக்கு இதை வாங்காமல் போவதில்லை என்று முடிவு கட்டினேன்.

சாயபு பாட்டைக் கேட்கவே இல்லை. வலது கையில் பியானோ பெட்டியைத் தூக்கினார். அது வளைகிற புது மாதிரித் தட்டு, லேசு. இடது கையில் ஒரு டிரம்ஸ் கோஷ்டிப் பெட்டி. பழைய மாதிரித் தட்டு, அம்மிக்கல் கனம். எங்கள் கம்பெனியில் பதனிட்ட தோலை எடை போட்டுத்தான் விற்பார்கள். சாயபு பிறந்ததிலிருந்து எந்தச் சரக்கையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். நான் பியானோவின் பெருமையை மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் வலது கையை இறக்கினார்.

"நீங்க சொல்றது சரிதான் மேனேஜர். ஆனா இதுல சரக்கு கம்மி."

தரம் பிரித்தாயிற்று

நான் லீவு எடுத்ததே ஒரு வாரம்தான், தங்கச்சி கல்யாணத்துக்கு. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால் பெட்டிகள் காலி. தட்டுகளெல்லாம் நாலு கட்டாகச் சணலால் கட்டியிருக்கிறது. மேலே சாக்பீஸில் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், கழிவு என்று எழுத்து. சீசனுக்கு முன்னால் எல்லாச் சரக்கையும் ஒருதரம் பார்த்து வை என்று சாயபு சொல்ல, முனுசாமி கெஸ்ட் ஹவுஸையும் விடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தட்டாகப் பிடித்து, கீறல் பார்த்துப் பிரித்திருக்கிறார். டிரம்பெட்காரர் பாட்டுக்காரியோடு கிடக்கிறார், பாட்டுக்காரி டிரம்ஸோடு. நான் அதிகம் கேட்ட தட்டுகள் பூராவும் கழிவில்.

"யோவ், இது செட்டுய்யா! ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததுய்யா!" என்று கத்தினேன். கல்யாணத்தில் எப்படிச் சாப்பாடு என்று அவர் விசாரித்தார். பிறகு, எனக்குத் தொழில் தெரியாது என்பதை மன்னித்துவிட்ட முகத்தோடு சொன்னார்:

"எந்த மந்தை ஆடுன்னு பாத்தா கட்டு கட்டுவோம்? ஃபர்ஸ்ட்டு ஃபர்ஸ்ட்டோட, தேர்டு தேர்டோட. துரைக்கு ஃபர்ஸ்ட்ட மட்டும் போடு, பேஜார் இல்ல."

பெட்டிகளை மறுபடி சேர்க்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. ஆராதனைக்குக்கூடப் போகவில்லை.

நன்றாயிருக்கிறது

நாலாம் வருஷம் சாயபு கல்கத்தா போயிருந்த சமயம் பார்த்து மெட்ராஸுக்கு ஓடினேன். பொறுப்பில் இருந்த அவர் தம்பி கேள்வி கேட்கிற ஆள் இல்லை. டைக்காரரிடம், "துரைக்குத்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பியானோ பெட்டி வந்தது! அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன், சாவியை அரைஞாணில் முடிந்தேன். முனுசாமியை வராந்தாவோடு நிறுத்தினேன். மூன்று வாரம் தினம் சாயங்காலம் கேட்டேன். பக்கத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த மூன்று வாரம் நான் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை என்று சமையல்காரர் பஷீரே சொன்னார்.

அப்போது ஓர் அமெரிக்காக்காரர் வந்தார், பெரிய பார்ட்டி. சாயபுவும் ஊர் திரும்பியிருந்தார். முதல் நாள் சாயங்காலம் பியானோவைப் போட்டேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் நல்லதை நல்லது என்று தெரிந்த ஒரு காது கிடைத்ததே என்று எனக்குப் பெருமை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். "ரொம்ப நன்றாயிருக்கிறது" என்று சாயபுவைப் பார்த்துச் சொன்னார். சொல்லலாமா அதை! சாயபு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி ஒரு பொருளை நன்றாயிருக்கிறது என்று வாய் திறந்து சொல்லிவிட்டால், அது அந்த வீட்டில் தங்காது. ஒரு துரை சுவர்க் கடிகாரத்தைப் புகழ்ந்துவிட்டு அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். அரைஞாணில் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

புறப்படுகிற அன்று காலை சாயபு சாவியைக் கேட்டார். "சாயபு, அது கெஸ்ட் ஹவுஸ் செட்டு. அவர் ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும்" என்றேன். "கிடைக்கட்டுமே. நாம குடுத்தது ஆவுமா?" என்றார். முதல் தரமான சிவப்பு ஆட்டுத்தோலில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார். கனம் கம்மி என்று அப்போது தோன்றவில்லை போலிருக்கிறது. அமெரிக்காக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதே பெட்டி தன் வீட்டில் இருக்கிறது, வேண்டாம் என்றால் பெரியவர் மனம் வருந்துவாரே, என்ன செய்யலாம் என்று ரகசியமாகக் கேட்டார். என்ன செய்வது? அவர் சொல்வதும் நியாயம்தானே. சாயபு வாசலில் நின்று கை அசைத்துக்கொண்டிருக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. எடுத்துக்கொண்டு போங்கள் என்று நானே என் வாயால் சொன்னேன்.

கார் மெட்ராஸ் ரோட்டில் ஏறி மறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். சாயபு பார்த்துவிட்டார். ஆனந்தக் கண்ணீர் என்றே நினைத்துக்கொண்டார். தோளில் கை போட்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார்:

"சபாஷ் மேனேஜர்! இத்தினி வாங்கினதுல விருந்தாளி ஆசைப்பட்டு எடுத்துட்டுப் போனது இது ஒண்ணுதான். அடுத்த வருஷமும் இதே மாதிரி பாத்து வாங்குங்க."

ஆகவே சக துன்பசாலிகளே, அடுத்தவர் காசில் ஜாஸ் பெட்டி வாங்குகிறவன் தனக்குப் பிடித்ததாகப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது, வேறு ஒருத்தருக்கும் பிடித்துத் தொலையாததாகவும் பார்த்து வாங்க வேண்டும்.