கீழே, உள்ளே, குறுக்கே

மேவிஸ் டாக்ரே பயந்த சுபாவக்காரி. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. இடி இடித்தால் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். சபையில் பாட்டுப் பாடும்போதுகூடப் பக்கத்து ஆளின் குரலுக்குள் தன் குரலைப் பதுக்கிக்கொள்வாள். பஞ்சாலை ஊரில் பிறந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஐசக் டாக்ரேயைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இந்த வளைகுடா ஓரத்துக்கு வந்த நாளிலிருந்து, அவள் பயத்தில் முக்கால்வாசியை மணல் எடுத்துக்கொண்டது.

இங்கே கடல் வற்றும்போது கண்ணுக்கு எட்டாத தூரம் வரை ஈர மணல்தான். ஊர்க்காரர்கள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு அதில் போய் மட்டிச் சிப்பி வாரி வருவார்கள். தண்ணீர் திரும்பும்போது முன்னால் வராது. முதலில் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஓடைகளை நிரப்பும். கால் நனையாமல் நிற்கிறவனைச் சுற்றிக் கடல் மூடிவிட்டிருக்கும். அதை நினைத்துக்கொண்டேதான் மேவிஸ் ஒவ்வொரு நாளும் மட்டி கிளறும் நீளப் பிடி வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவாள். கிளம்பும் முன் ஒரு ஜெபம், மணலில் கால் வைக்கும்போது இன்னொன்று.

மணலுக்கு அடுத்தபடி அவளைத் திணற வைத்தது ஊர்ப் பேச்சு. அவளுடைய ஊரிலும் இதே இங்கிலீஷ்தான், ஆனால் அங்கே போ, வா, எடு என்று முழுசாகச் சொல்லுவார்கள். இந்தக் கரைக்காரர்களோ அந்த வார்த்தையையே விழுங்கிவிட்டு, அப், டவுன், இன், அவுட், ஓவர் என்று குட்டி வார்த்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். அடுக்கில் முன்னால் வருகிற வார்த்தை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று சொல்லும். பின்னால் வருவது எதிலிருந்து, எதைத் தாண்டி, எதற்குள் என்று கொக்கி போடும். கொடியில் கிடக்கிற துணியை மழைக்கு முன் எடுத்துவரச் சொல்ல ஐசக்குக்கு, வெளியே, கீழே, உள்ளே என்ற மூன்றே போதும். பன்றிக்குட்டி வேலியில் மாட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு அடுக்கு, சாப்பாட்டு மேசையிலிருந்து பூனையை விரட்ட வேறொரு அடுக்கு.

பக்கத்து வீட்டு டார்க்கஸ் பென் இதை வைத்தே அவளைச் சீண்டுவாள். உன் புருஷன் வார்த்தைக்கு வாடகை குடுக்கிறானா, இப்படிச் சிக்கனம் பிடிக்கிறானே என்பாள். டார்க்கஸ் இந்தக் கரையிலேயே பிறந்தவள். பெரிய சிரிப்பு, பெரிய கை, பயம் என்றால் என்னவென்று கேட்கிற ரகம். அவளுடைய அப்பாதான் அந்தக் காலத்தில் மணலில் வழி காட்டப் புன்னை இலை மாதிரி தடித்த இலைக் கிளைகளை வரிசையாக நட்டுவைத்தவர். அவர் போன பிறகு, அதே வரிசையில் ஊரார் புதுக் கிளைகளை மாற்றி நட்டு வந்தார்கள்.

மார்ச் மாதக் குளிரில் ஒரு காலை. ஐசக் நிறைந்த கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் கரைக்குப் புறப்பட்டான். போகும்போது, ராத்திரியோடு ராத்திரியாக ஓடை இடம் மாறியிருக்கிறது, அதைக் கடக்கிற பழைய துறையில் இப்போது ஆழம், கிளைகளைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள், என் சக்கரத் தடத்திலேயே வாருங்கள் என்று இரண்டு பெண்களிடமும் சொன்னான். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி மேவிஸ் கேட்டதே இல்லை. டார்க்கஸ் மட்டும், எங்க அப்பா நட்ட வழி எனக்குத் தெரியாதா என்று சிரித்தாள்.

கடைசிக் கூடை பாதி நிறையும்போது மூடுபனி வந்தது. முதலில் கரைக்குப் பின்னால் இருந்த மலையைக் காணவில்லை. பிறகு கரை, பிறகு சற்றுத் தள்ளிக் கிடந்த கூடை. மேவிஸ் குனிந்து சக்கரத் தடத்தைத் தேடினாள். மணலில் தண்ணீர் ஊறி அதை அழித்துவிட்டிருந்தது.

"ஏன் புள்ள நடுங்குற? அதோ கிளை தெரியுது பாரு. கண்ண மூடிக்கிட்டே போயிடலாம்."

"வேணாம் டார்க்கஸ். ஐசக் வேணாம்னு சொன்னான்."

"ஐசக் பொறக்கறதுக்கு முன்னாலயே அந்தக் கிளை அங்க இருக்கு."

வேறு வழியும் இல்லை. ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்குப் போனார்கள். கடைசிக் கிளைக்கு அப்பால் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கடல் பக்கத்திலிருந்து உள்நோக்கி. டார்க்கஸ் வாரியின் பிடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். தரை தட்டவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு போன இடத்தை மேவிஸ் பார்த்தாள். வீட்டில் எந்த நேரமும் எரிகிற அடுப்பு அணைந்து கிடப்பதைப் பார்த்தது போல இருந்தது.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஐசக்கின் குரல் கேட்டது. ஓய் என்று இரண்டே எழுத்து, நீட்டி இழுத்தது. பனியில் ஆள் மாட்டிக்கொண்டால் கரையில் ஒரே ஒரு ஆள்தான் குரல் கொடுக்க வேண்டும் என்பது இங்கே உள்ள கட்டுப்பாடு. நாலு பேர் கத்தினால் நாலு திசை ஆகிவிடும். குரல் கொடுக்கிறவன், இறங்கக்கூடிய துறைக்கு நேரே இருக்கிற கம்பத்தைப் பிடித்து நிற்க வேண்டும். என்ன நடந்தாலும் நகரக் கூடாது. உள்ளே இருக்கிறவர்கள் காலடியில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும்.

பாட்டுக்குக்கூடத் திறக்காத தொண்டையை மேவிஸ் திறந்தாள்.

"கடைசிக் கிளைகிட்ட நிக்கிறோம்! முன்னால ஆழம்!"

பதில் வருவதற்குள் அவள் உயிர் போய் வந்தது.

"பின்னாலே! ஓரமா மேலே! தண்ணி வலக்கைப் பக்கம்!"

தண்ணீரை வலது பக்கம் வைத்துக்கொண்டு ஓடையின் ஓரமாக மேல்நோக்கி நடந்தார்கள். சில இடங்களில் மணல் காலைக் கவ்வி இழுத்தது. மேவிஸ் சத்தமாகவே ஜெபம் செய்துகொண்டு வந்தாள். நடக்க நடக்க, முன்னால் கேட்ட குரல் மெல்ல வலப்பக்கம் வந்தது. ஒரு இடத்தில் தண்ணீருக்கு நேர் எதிரே நின்றது. காலடியில் மணல் வரிவரியாகக் கெட்டியாக இருக்கிறது என்று அவள் கத்திச் சொன்னாள்.

"கீழே! உள்ளே! குறுக்கே!"

மேவிஸ் தண்ணீரைப் பார்த்தாள். பழுப்பாக, நுரை கட்டி, அக்கரை தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மணல் மேடு காய்ந்து கிடந்தது. இத்தனை வருஷம் எதற்குப் பயந்து சாமி கும்பிட்டாளோ அதற்குள்ளேயே அவளை இறங்கச் சொல்கிறான் புருஷன்.

டார்க்கஸ் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல. இங்க காய்ஞ்சு கிடக்கு. படகு வரட்டும்."

"படகு வராது. இந்த மேடு இன்னும் கொஞ்ச நேரந்தான் மேடு."

"உனக்கென்னடி தெரியும்? நீ தறிக்காரி."

"தறிக்காரிதான். எனக்கு மணல் தெரியாது. ஐசக் குரல் தெரியும். எந்திரி."

மேவிஸ் தன் சால்வையை அவிழ்த்து ஒரு முனையை டார்க்கஸின் இடுப்பில் கட்டினாள். ஈரத்தில் முடிச்சு இரண்டு தரம் நழுவியது. மறு முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டே இறங்கினாள். குளிர் முழங்காலைக் கடித்தது, பிறகு தொடையை. பாவாடை நனைந்து ஒரு ஆள் பிடித்து இழுப்பது போல இழுத்தது. இடுப்பளவில் டார்க்கஸ் ஒரு முறை சாய்ந்தாள். மேவிஸ் சால்வையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துக் குரல் நின்றுபோனது.

தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளை. இனி என்ன என்று டார்க்கஸ் முதுகுக்குப் பின்னால் முனகினாள். ஒரு அடி தப்பாக வைத்தால் அது ஆழத்தில்தான் போய் முடியும் என்று மேவிஸுக்குத் தெரியும். அவள் அடி எடுத்து வைக்கவில்லை. கர்த்தரே, அவன் தொண்டையைத் திறந்துவிடும், வேறெதுவும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நின்றாள். தண்ணீர் இடுப்பிலிருந்து ஏறி விலாவைத் தொட்டது.

"தாண்டி... மேலே..." குரல் கிழிந்து வந்தது. ஆனால் வந்தது. "வெளியே, மேலே, எங்கிட்ட!"

அந்தக் கடைசி வார்த்தை வழக்கமான அடுக்கில் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டே அவள் நடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது. பனிக்குள்ளிருந்து முதலில் கம்பம் தெரிந்தது, பிறகு அதைக் கட்டிப் பிடித்து நின்ற மனிதன்.

ஏறுகிற கடல் அவனையும் விட்டுவைக்கவில்லை. தொடை வரை தண்ணீரில் நின்றிருந்தான். கொஞ்சம் தள்ளிக் கரையில் நின்ற ஆட்கள் ஓடிவந்து டார்க்கஸைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் நீங்கள் பதில் சொல்லாமல் போனதும், ஐசக் கத்துவதை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி ஓடப் பார்த்தான், பிறகு தன்னையே திட்டிக்கொண்டு கம்பத்தில் முட்டிக்கொண்டான் என்று அவர்களில் ஒருவன் மேவிஸிடம் சொன்னான். ஓடியிருந்தால் குரல் இடம் மாறியிருக்கும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஐசக் அவளைப் பார்த்தான். கம்பத்தைச் சுற்றியிருந்த கைகள் பிரியவில்லை. விரல்கள் விறைத்து மரத்தோடு மரமாகிப் போயிருந்தன. பக்கத்தில் நிற்கிறபோதுதான் மேவிஸுக்குத் தெரிந்தது, அவன் உடம்பு அவளுடையதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதனுக்குப் பயமே கிடையாது என்று கல்யாண நாளிலிருந்து நினைத்திருந்தாள்.

அவள் ஒவ்வொரு விரலாக ஊதி, தேய்த்து, பிரித்தெடுத்தாள். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் மட்டும் கடைசி வரை விடாமல் பிடித்திருந்தது.

"விடு, ஐசக். நான் வந்துட்டேன்."

அவன் விட்டான்.