சீமைக் கார் சீட்டில் நல்லெண்ணெய்

சீமைக்கே திரும்பிப் போகும் எஸ்டேட் துரையிடம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய கார் இன்று தென்காசிக்கு வந்துவிட்டது! பந்தயக் கார் வேகம். உள்ளே அசல் தோல் சீட்.

பண்பொழி மலையடிவாரத்தில் பூசை போட்டோம். அடுத்தது குற்றாலம்தான், சாரல் சீசனாயிற்றே.

“ஈரத்துணியோட ஒருத்தரும் ஏறப்பிடாது” என்று உத்தரவு போட்டிருந்தார்.

குத்துக்கல்வலசைக்குச் சுற்றிப் போய் அவருடைய அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டோம். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெய்.

“ஏலே, சீசன் கூட்டத்துல அங்கன எண்ணெய் தேய்க்க ஆளு கிடைக்காது. அதான் வீட்டுலயே தேச்சிட்டேன்” என்று முன்சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

கூடப்பிறந்த அண்ணனை எழுந்திரு என்று சொல்ல முடியுமா? இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

அருவிக்கரையில் அண்ணாச்சி இறங்கியதும் சீட்டைத் துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளிறி வறண்டு கிடந்த தோல், அண்ணாச்சி சாய்ந்த இடத்தில் மட்டும் நாவற்பழம்போல் மின்னியது.

அருவியைப் பார்த்து ஓடினார். “அண்ணாச்சி, குளிச்சிராதீங்க! வந்து இந்தப் பக்கமும் கொஞ்சம் உக்காருங்க!”

பின்சீட் முழுசாகப் பாக்கி இருக்கிறது. நாளை ஐந்தருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு யார் யார் வருகிறீர்கள்?