நூற்றி இருபது மில்லி கூலண்ட்

கணவரின் போன லீவு முழுக்க அந்தக் காருக்கு அடியில்தான் கழிந்தது. அவர் ராணுவத்தில் இருக்கிறார். கார் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. மெக்கானிக் அண்ணாச்சியோடு சேர்ந்து எஞ்சினை முழுசாகப் பிரித்து, மாற்ற வேண்டியதை மாற்றிப் பூட்டி முடித்தபோது லீவும் முடிந்திருந்தது. கைக்குழந்தையான மகள் அப்பா என்று பார்த்ததெல்லாம் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைத்தான்.

கிளம்பும்போது சொன்னார்: "தினமும் கொஞ்சமாச்சும் ஓட்டு. கூலண்ட் கொறையாம பாத்துக்க."

ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. மகளை அங்கே அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். பஸ்ஸை விட்டுவிட்டுக் காருக்கு மாறினேன். தினமும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தக் கூலண்ட் எவ்வளவு இருக்கிறது என்று ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பேன். இரண்டாம் நாளே ஒரு விரல் இறங்கியிருந்தது. விளிம்பு வரை ஊற்றினேன். மறுநாளும் அதே ஒரு விரல். மகளின் பழைய பால் புட்டி ஒன்றில் நகப்பூச்சால் 'விஷம்' என்று எழுதி, அலமாரி உச்சியில் தனியாக வைத்து, அதில் அளந்து ஊற்ற ஆரம்பித்தேன். தினமும் நூற்றி இருபது மில்லி.

காருக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்தேன். பொட்டு ஈரம் இல்லை. ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பார்த்தேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன், தண்ணீர் கலந்து வெளுக்கவில்லை. வெள்ளைப் புகையும் இல்லை. பிறகு எங்கேதான் போகிறது? நான் படித்த கெமிஸ்ட்ரி வாயைத் திறக்கவில்லை. நான்தான் எதையோ கெடுத்துவிட்டேனோ என்று பயந்துகொண்டே போனில் சொன்னேன்.

"எஞ்சினுக்குள்ளயே கசியுது, ஹெட் கேஸ்கெட்டாத்தான் இருக்கும். அடுத்த வாரம் வாரேன்ல, பிரிச்சிருவோம்" என்றார்.

பத்து நாள் லீவு. பத்து நாளும் மறுபடி கால்கள்தான்.

அன்று சாயங்காலமே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன். பானட்டைத் திறந்து காட்டி, கூலண்ட் குறைவதையும் பேப்பர் நனையாததையும் சொன்னேன்.

"எது வரைக்கும் ஊத்துதீக?"

"வாய் வரைக்கும் அண்ணாச்சி."

அவர் சிரித்துவிட்டார். "பிள்ளைக்கும் இப்படித்தான் புகட்டுதீகளா தாயி? பழைய வண்டி. மிச்சத்தைப் பிடிச்சு வைக்க இதுல தனி டப்பா கெடையாது. சூடானா கூலண்ட் பொங்கும். எடம் இல்லாதத இந்தக் குழாய் வழியா ரோட்டுலயே கக்கிரும். பொறவு வீட்டுல பேப்பர் எப்படி நனையும்? மூணு நாளைக்கு ஊத்தாம ஓட்டுங்க."

"எஞ்சின் சூடாகிட்டா?"

"சூடு காட்டுற முள்ளு ஏறுனா நிப்பாட்டிட்டுப் போன் போடுங்க. ஏறாது."

மறுநாள் காலை ஒரு விரல் குறைவாகவே கிளம்பினேன். பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் இரண்டு கேன் தண்ணீர். முள் நடுவில் நின்றது, அசையவில்லை. அதற்கடுத்த காலையிலும் அதே ஒரு விரல்தான். கண்ணை நம்பாமல் விளக்குமாற்றுக் குச்சியில் கோடு போட்டு உள்ளே விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாளும் கோட்டிலேயே நின்றது.

உடனே போன் போட்டேன். "ஏங்க, எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். நான்தான் நெறைய ஊத்தியிருக்கேன்."

"எம்புட்டு ஊத்துன?"

சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு நேரமானது.

"சிரிச்சது போதும். லீவுக்கு வாங்க. ஆனா பானட்டைத் தொறக்கக் கூடாது."

"சரி."

பிறகு, "ஒரே ஒரு தடவை தொறந்து பாத்துக்கிடட்டா?" என்றார்.

"பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டுப் பாருங்க" என்றேன்.